வீடும் இடம்பெயரும்

ஸ்காபரோ, கனடா

மதிப்புக்குரிய அம்மான் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதப்படும் மடல்கள் நலம் விசாரித்தல், பனியைப் பற்றி முறையிடுதல், அனுப்பிய காசு கிடைத்ததா எனக் கேட்டல் என்னும் மூன்று உறுப்புகளோடு முடிவடைவது மரபாயினும், தங்கள் மருமகன் அனுப்பும் இம்மடல் அம்மூன்றையும் இந்த ஒரு வாக்கியத்துள் அடக்கிவிட்டு, ஸ்காபரோவில் உள்ள ஒரு பழைய கமக்கார வீட்டைப் பற்றிய ஆராய்ச்சியுரையாக அமைகிறது. ஆராய்ச்சி செய்வதற்கான தகுதி எதுவும் மருமகனுக்கு இல்லை என்பதை அம்மான் நன்கு அறிவார். ஆயினும் விமானம் ஏறியவர் எதனையும் விளக்கவல்லவர் ஆகிவிடுகிறார் என்று வன்னியில் உள்ள நம் ஊராகிய நாயாற்றில் நிலவும் நம்பிக்கையே இவ்வுரைக்குப் போதிய சான்றிதழாகக் கொள்ளப்பட்டுள்ளது.

ஸ்காபரோ என்பது ரொறன்ரோ மாநகரத்தின் கிழக்குப் பகுதியாகும். கனடாவில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்றாகிய இது 1998 வரை தனி நகரமாக இருந்து, அவ்வாண்டில் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. இங்கு பிரிம்லி வீதியில் தொம்சன் நினைவுப் பூங்கா என்னும் பசும்பரப்பும், அதனுள் ஸ்காபரோ அருங்காட்சியகம் என்னும் வளவும் உள்ளன. அருங்காட்சியகம் என்றவுடன் வவுனியாவில் இருப்பது போன்ற தொல்பொருட் கூடமும் கற்சிலைகளுமே வன்னியாருக்கு நினைவில் எழும். இங்கோ காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது வீடே. சார்ள்ஸ் கோர்னெல், மற்றில்டா கோர்னெல் என்னும் கமக்காரத் தம்பதியர் வாழ்ந்த, 1858ஆம் ஆண்டைச் சேர்ந்த வீடு அது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே கவிந்து நிற்கும்படி கிடையாக அறையப்பட்ட பலகைகளே அதன் வெளிச்சுவர். அரசரும் போர்த்தளபதியும் வாழாத இவ்வீட்டை அரும்பொருளாகப் போற்றுவதற்கு என்ன காரணம் என்னும் வினா முதன்முறை செல்லும் தமிழர் பலருக்கும் எழுகிறது. கமக்காரர் வாழ்ந்தார் என்பதே காரணம் என்னும் விடை அவர்களுள் சிலரைச் சிறிது நேரம் பேசாமல் இருக்கச் செய்கிறது.

இவ்வாறு பழைய வீடுகளையும் தொழிற்கூடங்களையும் ஒரு வளவில் நிறுத்தி, அக்காலத் தளபாடங்களோடு காட்டும் அமைப்பைத் திறந்தவெளி அருங்காட்சியகம் என்பர். நோர்வேயில் இரண்டாம் ஒஸ்கார் மன்னர் 1881இல் ஒஸ்லோவுக்கு அருகே பழைய மரக்கட்டடங்களைச் சேர்க்கத் தொடங்கியதும், சுவீடனில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்ரொக்ஹோம் நகரத்தில் ஸ்கான்சன் என்னும் வளவைத் திறந்ததும் இம்மரபின் தொடக்கங்களாகக் கருதப்படுகின்றன. தொழிற்சாலைகள் பெருகிக் கிராமத்தார் நகரங்களை நோக்கி நடந்த காலத்தில், கிராமம் முற்றாக மறைவதற்கு முன் அதில் ஒரு துண்டையாவது வெட்டி வைத்துக்கொள்ளவேண்டும் என்னும் கவலையே இதற்கு அடிப்படை. ரொறன்ரோவின் வடமேற்கில் 1960இல் பிளாக் கிறீக் முன்னோடிக் கிராமம் என்னும் பெயரோடு திறக்கப்பட்ட வளவும் அவ்வகையதே. டானியல் ஸ்ரோங், எலிசபெத் ஸ்ரோங் தம்பதியர் 1816இல் எழுப்பிய மரத்துண்டு வீடும், கையில் காசு சேர்ந்தபின் 1832இல் கட்டிய பெரிய வீடும் அங்கே அருகருகே நிற்கின்றன. புதிய வீடு எழுந்தவுடன் பழையதை இடித்துக் கல்லை மதிலுக்கும் மரத்தை அடுப்புக்கும் பயன்படுத்தும் நமது சிக்கன மரபு அத்தம்பதியரிடம் இல்லாமற்போனது வரலாற்று ஆய்வாளருக்கு வாய்த்த பெரும்பேறு ஆகும்.

ஸ்காபரோவின் வீதிப் பெயர்கள் இங்கு வாழும் தமிழருக்கு மனப்பாடம். அப்பெயர்களுக்கு உரியவர் யாவர் என்பது மட்டும் அறியப்படாத செய்தி. மக்கோவன் வீதியில் நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருப்போருள் பலர், மக்கோவன் என்பவர் அமைச்சராகவோ ஆளுநராகவோ இருந்திருத்தல் வேண்டும் என்றே கருதி வந்துள்ளனர். அருங்காட்சியக வளவில் உள்ள மக்கோவன் மரத்துண்டு வீட்டைக் கண்டபின்னரே, அப்பெயர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு உரியது என்பது விளங்குகிறது. பூங்காவின் பெயருக்கு உரிய டேவிட் தொம்சனும் மேரி தொம்சனும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு குடியமர்ந்த ஸ்கொட்லாந்துத் தம்பதியர். டேவிட் கல் செதுக்கும் தொழிலாளி. அதே காலத்தில், 1796இல், இலங்கையின் கரையோரங்கள் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறின. அங்கே கரையோரக் கோட்டைகளில் கொடி மாறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஒரு கற்கொத்தர் மரம் தறித்துக்கொண்டிருந்தார் என்பதும், இரு நிலங்களும் ஒரே முடியின் கீழ் வந்தன என்பதும் வரலாற்றுப் பொருத்தங்கள். வேறுபாடு யாதெனில், காடு வெட்டியவரின் பெயர் இங்கு வீதிக்குச் சூட்டப்பட்டது. வன்னியில் காடு வெட்டியவருக்குக் காணி உறுதி கிடைப்பதே பெரும்பாடாயிற்று.

இவ்வருங்காட்சியகத்தைப் பற்றி நாயாற்றார் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோர்னெல் வீடு இப்பூங்காவில் கட்டப்பட்டதன்று. வேறிடத்தில் நின்ற அது, நகரம் பெருகிப் பழைய கமங்களை விழுங்கியபோது 1962இல் இங்கு கொண்டுவந்து வைக்கப்பட்டது. மக்கோவன் வீடும் பின்னர் அவ்வாறே வந்து சேர்ந்தது. அதாவது ஸ்காபரோவில் ஆட்கள் மட்டுமல்லாமல் வீடுகளும் இடம்பெயர்கின்றன. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து, அதன்பின் முல்லைத்தீவின் எத்தனையோ ஊர்களைக் கண்ட மக்களுக்கு, வீட்டை விட்டு மனிதர் போவது பழகிய செய்தி. மனிதர் இருந்த இடத்திலே இருக்க வீடு புறப்பட்டுப் போவது புதிய செய்தி. மேலும், இவ்வீடுகளுக்கு இடம்பெயர்ந்தவுடன் நிரந்தரக் காணியும், கூரைத் திருத்தமும், வண்ணப்பூச்சும், அரச பராமரிப்பும் தாமதமின்றிக் கிடைத்துள்ளன. மீள்குடியேற்றம் என்னும் பொருளில் அறிக்கை எழுதுவோர் இதனை ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாம்; ஒரேயொரு நிபந்தனை, பயனாளி மரத்தாற் செய்யப்பட்டவராக இருத்தல் வேண்டும்.

மக்கோவன் வீடு போன்ற மரத்துண்டு வீடு என்பது, அறுத்துப் பலகையாக்காத பெருமரங்களை இருபுறமும் கோடரியாற் செதுக்கி, சுவரின் நீளத்துக்குக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுப்பப்படுவது. மூலையிலே ஒரு மரத்தின் முனையும் அதன்மேல் வரும் மரத்தின் முனையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளுமாறு சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், சுவரைப் பிடித்து வைப்பது ஆணியன்று, மரத்தின் எடையே. மரங்களுக்கிடையே எஞ்சும் இடைவெளியில் மரச்சிராய்களைச் செருகி, அவற்றின்மேல் களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அப்புவர். ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன் அந்த அப்பலைச் சரிபார்ப்பது குடும்பத்தின் கடமை. வன்னியின் மண்வீட்டைக் கட்டியவர்க்கு இம்முறை அந்நியமானதன்று. அங்கே காட்டுத்தடிகளை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, இரு பக்கமும் களிமண் அப்பி, தரையைச் சாணத்தால் மெழுகினர். இங்கே தடி தடித்தது, மண் குறைந்தது, அவ்வளவே. ஆயினும் பயன் நேர்மாறானது. நமது வீடு காற்றை உள்ளே வரவழைக்கக் கட்டப்பட்டது. இவர்கள் வீடு காற்று உள்ளே நுழையாதிருக்கக் கட்டப்பட்டது. நாயாற்றில் இரவில் வெளியே இறங்குவதற்குத் தயங்கியோர் யானையை எண்ணித் தயங்கினர். இங்குள்ள பழைய கமக்காரர் குளிரை எண்ணித் தயங்கி, கட்டிலின் கீழ் ஒரு சாடியை வைத்துக்கொண்டனர். நாகரிகங்களின் வளர்ச்சியை விளக்கும் நூல்கள் அச்சாடியைப் பற்றிப் பேசாது விடுவது பெருங்குறையாகும்.

கோர்னெல் வீடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கமக்காரக் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காட்டுமாறு ஒழுங்குசெய்யப்பட்டுள்ளது. இத்தகைய கமவீடுகளில் குசினியே குடும்பத்தின் உண்மையான தலைநகரம்: விறகில் எரியும் இரும்படுப்பு சமையலுக்கும் வெப்பத்துக்கும் பொது, மாரியில் பிள்ளைகள் பாடம் படிப்பதும் பெரியோர் தைப்பதும் அதன் அருகிலேயே. வெண்ணெய் கடையும் கருவி இங்கே நெடிய மரக்குடுவையாக உள்ளது; மூடியில் ஒரு துளை, அதனூடே ஒரு தடி, தடியின் அடியில் சிலுவை வடிவில் ஒரு கட்டை, அதனை மேலும் கீழுமாக இடித்தால் பாலாடை வெண்ணெயாகத் திரளும். அக்கால உடையணிந்து இவ்விதக் கருவிகளை இயக்கிக் காட்டும் வழிகாட்டிகள் இத்தகைய அருங்காட்சியகங்களில் உண்டு. அவர்கள் மிகுந்த பொறுமையோடு விளக்கும்போது, வன்னியிலிருந்து வந்த மூதாட்டியர் பின்வரிசையில் நின்று, மத்தில் கயிறு சுற்றி இழுத்திருந்தால் இதில் பாதி நேரத்தில் வேலை முடிந்திருக்கும் எனத் தமிழில் தீர்ப்பு வழங்குவர். மேப்பிள் மரத்தின் சாற்றை 40 பங்கு காய்ச்சினால் 1 பங்கு பாகு கிடைக்கும் என்னும் செய்தியைக் கேட்டவுடன், கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்த்த அனுபவம் உடையோர், மரத்தில் ஏறாமல் அடியில் துளையிட்டே சாறு எடுக்கும் இந்நாட்டாரின் கெட்டித்தனத்தை மட்டும் ஒப்புக்கொள்வர்.

இந்த வளவுக்கு வரும் தமிழரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வீட்டைப் பின்னணியாகக் கொண்டு ஒளிப்படம் எடுக்க வருவோர். இவர்கள் உள்ளே செல்வதில்லை. இரண்டாம் வகையினர் காணி மதிப்பீட்டாளர். ஸ்காபரோவில் தமிழ் வீட்டு விற்பனை முகவர்கள் தொகையாக இருப்பதால் இவ்வகை செழித்துள்ளது. மரப்படியின் கைவேலையை வழிகாட்டி வருணிக்கும்போது, இவர்கள் இந்த வளவு இன்று என்ன விலைக்குப் போகும், வாடகைக்கு விடத்தக்க பேஸ்மென்ற் உண்டா, அதற்குத் தனி வாசல் வைக்க இடமிருக்கிறதா என்பவற்றை ஆராய்வர். பேஸ்மென்ற் என்பது வீட்டின் நிலக்கீழ்த் தளம். புதிதாக வரும் தமிழர் பலர் கனடாவை முதலில் அங்கிருந்தே, நிலமட்டத்தில் உள்ள சிறு சன்னல் வழியாக, வழிப்போக்கரின் சப்பாத்துகளின் உயரத்தில் காண்கின்றனர். மூன்றாம் வகையினர் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர். ஒன்ராறியோ மாகாணத்தின் மூன்றாம் வகுப்புச் சமூகக் கல்வியில் 1780 முதல் 1850 வரையான குடியிருப்புகளின் வாழ்க்கை ஒரு பாடமாதலால், அவ்வயதுப் பிள்ளைகள் இத்தகைய இடங்களைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இம்மூன்றாம் வகையினருக்கே மெய்யான இடர் நேர்கிறது. கிணற்றில் நீர் இறைத்தனர், விறகு பொறுக்கினர், எண்ணெய் விளக்கின் ஒளியில் படித்தனர், மாட்டை வைத்து உழுதனர் என்று முன்னோடிகளின் வாழ்க்கையைப் பட்டியலிடும் பிள்ளையிடம், தந்தையும் அவ்வாறே வளர்ந்தார் எனத் தாய் பெருமையாகச் சொல்லிவிட, தந்தையின் வயது 200 எனப் பிள்ளை கணக்கிட்டுவிடுகிறது. அப்பிள்ளையின் கணக்கில் பெரிய பிழை இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயும் மின்கலமும் சவர்க்காரமும் அருமையாகிவிட்ட வன்னியில், ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அதில் சிறிது எண்ணெய் ஊற்றி, திரியிட்டுக் கொளுத்திய ஜாம் போத்தல் விளக்கிலேயே ஒரு தலைமுறை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்கப்பட்டது; சுழற்றியவர் களைத்தால் செய்தியும் நின்றது. கோர்னெல் வீட்டார் எண்ணெய் விளக்கிலிருந்து மின்விளக்குக்குச் சென்றனர். வன்னியார் மின்விளக்கிலிருந்து எண்ணெய் விளக்குக்குத் திரும்பிச் சென்று, அங்கே தம் சொந்தப் புத்தியால் ஒரு புதிய விளக்கையும் கண்டுபிடித்தனர். காலம் முன்னோக்கியே செல்லும் என்று எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் இதற்கு ஓர் அடிக்குறிப்புத் தேவைப்படுகிறது.

நிலத்தின் கதை தொம்சன் தம்பதியரோடு தொடங்கவில்லை என்பதையும் இங்கு சொல்லியாகவேண்டும். இப்பூங்காவுக்குத் தொலைவில் அல்லாத ரேபர் மேட்டில், 1956இல் மண் வெட்டியபோது, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெண்டாற் என்னும் முதற்குடி மக்கள் தம் இறந்தோரின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த பெருங்குழி வெளிப்பட்டது. அவ்விடம் இன்று வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடாகப் பேணப்படுகிறது. காட்டை வெட்டிய முன்னோடி என்று போற்றப்படுபவருக்கு முன்னரும் அக்காட்டில் ஆட்கள் இருந்தனர் என்பது, குடியேற்றம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் நாயாற்றாருக்கு விளக்கவேண்டிய செய்தியன்று. இவ்வாறு பார்க்கும்போது, ஒரு வீட்டைக் காப்பது என்பது அங்கு இவர் வாழ்ந்தார் என்று சாட்சி சொல்வதாகும்; சாட்சிப் பொருள் எதுவும் எஞ்சாதவர் அங்கு வாழ்ந்ததை நிறுவுவதற்குப் பெரும்பாடு படவேண்டியுள்ளது.

இந்த அளவுகோலால் நாயாற்றை அளந்தால் முடிவு மகிழ்ச்சி தருவதாயில்லை. முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பிலையும் செம்மலையையும் கடந்து, கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் இவ்வூரில் கமமும் கடலும் ஒரே குடும்பத்துள் இருந்தன. கரைவலை இழுத்தவர் வயலும் செய்தார். களப்பில் இறால் பிடித்தவர் வீட்டில் மாடும் நின்றது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் வன்னி மாவட்டக் கையேடு, அன்றைய வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. சூடு மிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கி, களத்துக்கே உரிய சொற்களைப் பேசும் மரபும் வன்னியில் இருந்தது. பொலியைப் பூதங்கள் கொண்டுபோய்விடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். பூதங்களிடமிருந்து நெல்லைக் காத்த அச்சொற்களை, பிற்காலத்து அறுவடை இயந்திரத்திடமிருந்து எவரும் காக்கவில்லை. நெல் சேமித்த கொம்பறை, அதாவது தடிகளைப் பின்னி மண் பூசி நிலத்துக்கு மேலே நிறுத்திய களஞ்சியம், போரில் எரிந்தும் கறையானுக்கு இரையாகியும் அருகிப்போனது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கரையோரத்தில் நின்றவற்றைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றை 2009இன் போர் முடித்துவைத்தது. கல்லால் ஆனவற்றைத் தேடித் தோண்டுவதற்கு ஆட்கள் பலர் உளர். மரத்தாலும் ஓலையாலும் மண்ணாலும் ஆனவற்றை எவரும் தேடுவதில்லை, அவற்றிலேதான் மக்கள் வாழ்ந்தனர் என்றபோதும்.

இது தமிழருக்கு இயலாத காரியமும் அன்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் வீடு முதலாகத் தென்னிந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த வீடுகள் மரமும் தூணும் கழற்றிக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. அங்கும் வீடுகள் இடம்பெயர்ந்தே பிழைத்தன. நாயாற்றில் அத்தகைய வளவு எழுவதற்கு வேண்டிய பணம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அதற்கு வேண்டிய பொருள் இன்னும் சிறிது உள்ளது என்பதை மறுக்க இயலாது. ஓர் உரல், உலக்கை, திரிகை, சுளகு, கடகம், வண்டிச் சில்லு ஒன்று, கரைவலையின் மிதப்புக்கட்டை, கொம்பறை பின்னத் தெரிந்த முதியவர் ஒருவர், அவற்றோடு ஜாம் போத்தல் விளக்கு ஒன்றும் டைனமோ பூட்டிய துவிச்சக்கர வண்டி ஒன்றும். இறுதியிரண்டும் பழம்பொருள் அல்ல எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். ஸ்காபரோவின் கமக்காரரும் தமது வெண்ணெய்க் குடுவையைப் பழம்பொருள் என எண்ணியிருக்கமாட்டார். எண்ணியிருந்தால் அதனை அன்றே விற்றிருப்பார்.

ஆகவே அம்மானிடம் இம்மருமகன் வைக்கும் விண்ணப்பம் இதுவே. கோடிக்குள் கவிழ்ந்து கிடக்கும் முதிரை உரலை விறகாக்கவும் வேண்டாம், தோட்டத்தில் பூ வைப்பதற்கென உல்லாச விடுதிக்காரர் எவரேனும் விலை கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். பழைய இரும்புக்காரர் அடுத்த முறை படலையில் நின்று கூப்பிடும்போது, வண்டிச் சில்லின் இரும்புப் பட்டத்தை எடைக்குப் போடாமல் அவரைத் தேநீரோடு அனுப்பிவைக்கவும். ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சியுள்ள பொருளின் பெயர், அது செய்யப்பட்ட மரம், பயன்படுத்தும் முறை, பயன்படுத்தியவரின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் செய்யவும்; சூடு மிதித்த பெரியோர் உள்ளபோதே களத்துச் சொற்களையும் கேட்டு எழுதுவித்தல் நன்று. கட்டடம் கட்டுவதற்குக் காசு எப்போது வரும் என அம்மான் கேட்பது இங்கு நன்றாகக் கேட்கிறது. ஸ்காபரோவில் உள்ள ஊர்க்காரர் ஆண்டுதோறும் ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுத்து, கொத்துரொட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் காசில் ஒரு பகுதியே அதற்குப் போதும். அவர்களிடம் அதனைக் கேட்டு வாங்குவது மருமகனின் பொறுப்பு. கொப்பி முதலில் வரட்டும். காசு அதன்பின் வரும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மருமகன்